கூடையில் பஸ் ஏறிய நாய்

1. அத்தையின் நாய்க்குக் காதுக்குள் புண் வந்தது.
2. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆகவே அத்தை தேயிலைக் கொழுந்து பறித்த தன் பழைய கூடைக்குள் நாயை உட்காரவைத்து, மேலே சாக்குத் துணியால் மூடி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, டவுனில் இருக்கும் மிருக வைத்தியரிடம் போனார்.
3. பஸ் தரிப்பிடத்தில் அவரை ஒருவர் படம் எடுத்தார்.
4. அந்தப் படம் பேஸ்புக்கில் வந்தது. தள்ளாத வயதிலும் கொழுந்து பறித்துப் பிழைக்கும் தாய், இவர் பெற்ற பிள்ளைகள் எங்கே என்று மேலே எழுதியிருந்தது.
5. முன்பின் தெரியாத ஏராளமானோர் அழுதார்கள்.
6. கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு அவமானமாகிவிட்டது.
7. குற்றவாளி நாய்தான் என்று முடிவானது. அதை அப்புறப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் மின் தொழில்நுட்பம் படித்தவள். ஹட்டனில் ஒரு கம்பெனிக்காகக் கடைகளிலும் வீடுகளிலும் கண்காணிப்புக் கமரா பொருத்துகிறேன். பழுது பார்க்கப் போனால் முதலில் நடந்ததை வரிசையாக எழுது, இணைப்பு எங்கே அறுந்தது என்று தானாகத் தெரியும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். மேலே உள்ளதில் இணைப்பு அறுந்த இடம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று படமெடுத்தவர் கேட்கவில்லை. அவருக்குப் பிறகு படத்தைப் பார்த்து அழுத யாரும் கேட்கவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எங்களுடையதற்கு அடுத்த லயத்தில், கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார். மாமா இறந்து வெகுநாள் ஆகிறது. அத்தை கொழுந்து பறிப்பதை நிறுத்தி, தோட்டத்தின் செக்ரோல் பதிவில் பேரை வெட்டியும் பல வருடங்கள் ஆகின்றன. அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஒரே மகன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் மனேஜர். எனக்கு அத்தான் முறை.

அத்தையோடு இருப்பது ஒரு பெட்டை நாய். செம்மண் நிறம், குட்டைக் கால். என்ன சாதி என்று கேட்டால் "லயத்துச் சாதி" என்பார் அத்தை. அதற்கும் வயதாகிவிட்டது. முகம் நரைத்திருக்கிறது.

முழங்கால் இரண்டும் மடங்காத ஒருவர் நாய் வளர்ப்பது எப்படி என்று அத்தையிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பார்த்தால் தெரியும். குனிய முடியாது என்பதால் நாயின் தட்டு தரையில் இல்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் இருக்கிறது. நாய் வாசல்படியில் முன்கால்களை வைத்து எட்டிச் சாப்பிடக் கற்றுக்கொண்டது. சங்கிலி மாட்டும் ஆணி இடுப்பு உயரத்தில். குளிப்பாட்டுவது வெயில் அடிக்கும் நாளில் மட்டும். தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைக்கும் கல்லின் மேல் நாயை ஏறச் சொல்வார். நாய் உயர்ந்துவிடும், அத்தை குனிய வேண்டியதில்லை. உண்ணி எடுப்பது பின்னேரத்தில், நாய் கட்டிலிலும் அத்தை பெஞ்சிலும் உட்கார்ந்து. கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித்தான் எடுப்பார். சில நேரம் உண்ணி என்று நினைத்து மருவைப் பிடித்து இழுத்துவிடுவார். நாய் உறுமும்.

"ஒறுமாதடி. ஒனக்கு வலிக்குதுன்னு எனக்குக் கண்ணு தெரிஞ்சிருமா?"

இருட்டினால் நாய் உள்ளே. சிறுத்தைப்புலி வந்து லயத்து நாய்களைக் கவ்விக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல.

அத்தை செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நாய்க்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பார். காதில் புண் வந்ததும் முதலில் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஊற்றினார். நாற்றம் எடுத்த பிறகுதான் வைத்தியர் ஞாபகம் வந்தது. வைத்தியர் நாய்களைப் பார்ப்பது வேலை நாளில், காலையில். அந்த நேரத்தில் நான் ஹட்டனில் ஏதோவொரு கடைக்குள் ஏணி மேல் இருப்பேன். ஆட்டோக்காரர் நாற்றத்துக்கு முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார். அத்தை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்தார்.

"நாய் எப்படி அத்தை கூடைக்குள்ள பேசாம உக்காந்துச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"ஏன் உக்காராது? இந்தக் கூடையில எத்தன கிலோ கொழுந்து வாயத் தொறக்காம உக்காந்து வந்திருக்கு."

"பஸ்ல ஒன்னும் கேக்கலையா?"

"கண்டக்டரு கேட்டான், என்னாம்மா கூடையிலன்னு. மரக்கறின்னேன். மரக்கறி மூச்சு விடுதேம்மான்னான். புதுசா புடுங்குனது தம்பி, அப்புடித்தான் இருக்கும்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான். அவன் நல்ல பய."

இப்போது எங்கள் மலையில் கூடையைக் காண்பது அரிது. பெண்கள் பையில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். கூடை இருப்பது ஹோட்டல் சுவரிலும் காலண்டரிலும். ஆகவே குளிர் பார்க்க வந்த ஒரு மனிதர், நிஜக் கூடையோடு ஒரு நிஜக் கிழவி பஸ் தரிப்பிடத்தில் நிற்பதைக் கண்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா என்றாராம். அத்தை திரும்பியிருக்கிறார். சிரிக்காதீங்கம்மா என்றாராம்.

"போட்டோ புடிக்கிறப்ப சிரிக்காதன்னு சொன்ன ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அத்தை. அந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதிவில் அத்தைக்கு எண்பத்தைந்து வயதாகியிருந்தது. தாயின் கண்ணீர் என்று ஒரு வரி இருந்தது. அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, காற்றடித்தால் நீர் வடியும். கீழே அழுகிற முகங்கள் வரிசையாக நின்றன. இப்படிப்பட்ட பிள்ளைகளை நடுரோட்டில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். கேட்பதாக எழுதியவர்களில் ஒருவர்கூட எந்தத் தோட்டம் என்று விசாரிக்கவில்லை. ஒருவர் கவிதை எழுதியிருந்தார். நான் முழுவதும் வாசித்தேன். அட்டைக்கடி, பனி, இரத்தம், தேநீர் நான்கும் வந்தன.

டவுனில் கோழிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, அவர் மட்டும் உண்மையை எழுதினார். அத்தை நாய்க்காகக் கோழிக் கழுத்து வாங்குவது அவரிடம்தான். அன்றும் வைத்தியரிடம் போய்விட்டு அவர் கடையில்தான் கூடையை இறக்கி வைத்திருக்கிறார். "இவங்க எங்கட கஸ்டமர். கூடையில ஈக்கிறது நாய்" என்று ஒரே வரியில் போட்டார். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுத முடியாது. மனச்சாட்சி இல்லாதவன் என்பதுதான் அதில் மரியாதையானது. ஏழைத் தாயின் உழைப்பை நாய் என்கிறாயா என்று ஒருவர் சண்டைக்கு நின்றார்.

அடுத்த தடவை நான் கடைக்குப் போனபோது நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மகள், நான் என்னத்த பிழையாச் சொன்ன? கண்ணால கண்டதத்தானே சொன்ன?"

"நீங்க கண்டதுதான் பிழை நானா" என்றேன்.

தோட்டத்தில் அந்தப் படத்தை வேறு விதமாகப் படித்தார்கள். அங்கே யாருக்கும் அழுகை வரவில்லை, சந்தேகம் வந்தது. பேர் வெட்டிய பெண் கூடை நிறையக் கொழுந்தோடு டவுனுக்குப் போனால் அது களவுக் கொழுந்தாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத்து வேலைக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை அத்தையின் இஸ்தோப்புக்கே வந்துவிட்டார். நான் அன்று வீட்டில் இருந்ததால் அங்கே போனேன்.

"ஏம்மா, ஒம் பேரு செக்ரோல்லயே இல்ல. எந்த மலையில பறிச்ச? யாருக்கு வித்த?"

"மலையில எங்கங்க கொழுந்து இருக்கு?" என்றார் அத்தை. "புல்லு வெட்ட ஆள் போடாம எல்லாம் காடா கெடக்கு. நான் என்னாத்தப் பறிக்கிறது, புல்லையா?"

"பேச்ச மாத்தாத. கூடை எங்க?"

"அந்தா தொங்குது. எடுத்து நல்லா மோந்து பாருங்க."

கணக்கப்பிள்ளை உண்மையாகவே கூடையை எடுத்து, உள்ளே குனிந்து பார்த்தார். உள்ளே இருந்தது செம்மண் நிற முடியும், காதுப் புண்ணின் நாற்றமும். போன வேகத்தில் முகத்தை வெளியே எடுத்தார்.

"வித்த கொழுந்து இங்கதாங்க படுத்திருக்கு" என்று அத்தை நாயைக் காட்டினார். அது வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

அவருக்கு அந்தக் கூடைக்குள் பார்க்கத் தோன்றியதே என்று இப்போது நினைக்கிறேன். வந்தது திருட்டுப் பிடிக்க என்றாலும், படத்தைக் கண்டு வந்து கூடையைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

அத்தானின் அழைப்பு அன்றிரவு வந்தது. தாயிடம் பேசுவதற்கு முன் என்னிடம் பேசினார்.

"நீ அங்கதானே இருக்க? இதெல்லாம் பாக்கக்கூடாதா? மொதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாரு, இது ஒங்கம்மாவான்னு. கஸ்டமருங்க முன்னால."

"அத்தான், அத்தை கொழுந்து பறிக்கல. கூடையில இருந்தது நாய்."



"நாயா? ஒரு நாய்க்காகவா என் மானம் போச்சு?"

"அப்ப நாய்னே எழுதிருங்க. முடிஞ்சிரும்."

"எப்புடி முடியும்? தாய் நாயத் தூக்கிட்டு பஸ்ல அலையுது, மகன் ஏசிக்குள்ள இருக்கான்னு அடுத்தது எழுதுவாங்க."

அதில் அவர் சொன்னது சரி. அதுவும் உண்மைதானே. ஆகவே அவர் உண்மையைத் தவிர்த்துவிட்டு யோசித்தார். மறுநாள் அவருடைய பக்கத்தில் ஒரு விளக்கம் வந்தது. அம்மாவுக்கு உழைக்காமல் இருக்க முடியாது, நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்பதில்லை, ஆசைக்காகத்தான் இப்போதும் மலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தார். அதற்கு இதயங்கள் விழுந்தன. உழைக்கும் கரங்களுக்கு வணக்கம் என்றார்கள். முந்தைய நாள் அவரை ரோட்டில் நிறுத்தச் சொன்னவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள்.

ஆனால் விளக்கம் நிலைக்க வேண்டுமானால் அத்தை மறுபடியும் கூடையோடு டவுனில் தென்படக் கூடாது. நாய்க்கு இன்னும் ஊசிகள் பாக்கி. ஆகவே நாய் போக வேண்டும். அத்தானின் கடைக்குத் தெரிந்த ஒருவர் நுவரெலியாவில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்கிறார், அங்கே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நாய் என்னோடு பழகியது என்பதால் பிடித்து வேனில் ஏற்றும் வேலை எனக்கு.

அதற்கு முன்னேற்பாடாக அத்தானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார், முதியவர்கள் செல்லப்பிராணி வளர்ப்பது பற்றி. எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும், அதனாலேயே மோசமான பட்டியலைக் கண்டால் எரிச்சல் வரும். உங்கள் வாழ்க்கைமுறைக்குப் பொருத்தமான இனத்தைத் தெரிவுசெய்யுங்கள் என்று தொடங்கியது. அத்தை நாயைத் தெரிவுசெய்யவில்லை. மழைக்கு இஸ்தோப்பில் ஒதுங்கிய குட்டி, மழை விட்ட பிறகும் போகவில்லை, அவ்வளவுதான். நடக்கக் கூட்டிப்போக ஒருவரை நியமியுங்கள் என்றது. எங்கள் லயத்து நாய்கள் தாங்களே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் வரை போய், பெண்களோடு மலைக்கு ஏறி, பசிக்கும்போது திரும்பி வரும். படுக்கையறைக்குள் அனுமதிக்க வேண்டாம் என்றது. அத்தைக்கு இருப்பது ஒரு காம்பரா. அதில் படுக்கையறை எது என்று பட்டியல் எழுதியவர் வந்து கோடு போட்டுக் காட்டினால் நாய்க்குச் சொல்லிவிடலாம். கடைசியில், பராமரிக்க முடியாத நிலையில் பொருத்தமான வேறு இல்லத்துக்குக் கொடுப்பது பிராணிக்குச் செய்யும் நன்மை என்று இருந்தது. அக்கா அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் பூசி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. அத்தானும் அக்காவும் மட்டும் வந்தார்கள். கையில் பிஸ்கட் டின்னும் ஒரு புதுச் சேலையும் இருந்தன. போன வருடக் கோயில் திருவிழாவுக்குப் பிறகு அவர்கள் அந்தக் காம்பராவுக்குள் வந்தது அன்றுதான்.

"நுவரெலியாவுல பெரிய பங்களாம்மா" என்று அத்தான் தொடங்கினார். "சுத்திவர இடம். நாய் சந்தோஷமா ஓடி விளையாடும்."

"அது விளையாடி எத்தன வருஷமாச்சு" என்றார் அத்தை. "மூத்திரம் பெய்யவே யோசிச்சிட்டுத்தான் எந்திரிக்குது."

"ஒங்களால முடியாதுன்னுதான் சொல்றோம் மாமி" என்றார் அக்கா. "இந்த வயசுல நாயோட அலைஞ்சு, வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது?"

"விழுந்தேனே, போன மழைக்கு. இந்த நாயி கத்தித்தான் பக்கத்துக் காம்பராவுல இருந்து ஓடியாந்தாங்க. ஒங்களுக்குச் சொல்லல."

அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார்.

"பேசிட்டே இருந்தா நேரம் போகும். நீ நாயக் கொண்டாந்து ஏத்து."

"நான் ஏத்த மாட்டேன் அத்தான்."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"நீங்க வாறீங்கன்னு அத்தை தேத்தண்ணி போடச் சொன்னாங்க. அதுக்கு வந்தேன்."

"படிச்ச திமிரு" என்றுவிட்டு அவரே உள்ளே போனார். நாய் கட்டிலுக்கடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இஸ்திரி போட்ட காற்சட்டையோடு மனேஜர் தரையில் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். உள்ளேயிருந்து ஓர் உறுமல் வந்தது. கையை எடுத்தார். மறுபடி நீட்டினார், மறுபடி எடுத்தார். பிஸ்கட் டின்னைத் திறந்து ஒன்றை எறிந்து பார்த்தார். பிஸ்கட் உள்ளே போனது, நாய் வெளியே வரவில்லை.

அத்தை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கொண்டு போ" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய துணிப்பையை எடுத்து, இரண்டு சேலை, சீப்பு, மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் உள்ளே வைக்கத் தொடங்கினார்.

"நீங்க எங்கம்மா கெளம்புறீங்க?" அத்தான் இன்னும் தரையில்தான் இருந்தார்.

"நாயி போனா இங்க ராவுல நான் எப்புடித் தனியாப் படுக்கிறது? நானும் வேன்ல ஏறுறேன். ஒன் வீட்டுல ஒரு மூல குடு, போதும்."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். நான் பொருத்தும் எந்தக் கமராவும் அதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்காது. அத்தான் எழுந்து முழங்காலைத் தட்டினார். வீடு சின்னது என்றார். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை என்றார். பிள்ளைக்கு இந்த வருடம் பரீட்சை என்றார் அக்கா. கொழும்புச் சூடு ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, பகலில் வீட்டில் யாரும் இல்லை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இவ்வளவு வேகமாக ஒரு பட்டியல் தயாராவதை நான் கண்டதில்லை. முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும்.

அத்தை பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப நாயி?" என்றார் கடைசியில்.

"இங்கேயே இருக்கட்டும்மா" என்றார் அத்தான். "ஒங்களுக்குத் தொணைக்கு."

போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார்கள். மழை வருமாம், ரோடு மோசமாம்.

வேன் சத்தம் கேட்காமல் போனதும் நான் சிரித்துவிட்டேன். எவ்வளவோ நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. "நல்ல போடு போட்டீங்க அத்தை" என்றேன். "வாறேன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கே ஓடிட்டாங்க. எப்புடி யோசிச்சீங்க?"

அத்தை பையிலிருந்த சேலைகளை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாத்த யோசிச்சேன்? மெய்யாத்தான் கேட்டேன்."

"அப்ப நாய அந்தப் பங்களாவுக்கு விட்டுருப்பீங்களா?"

"எதுக்கு விடுறது? நீ வச்சுக்க மாட்டியா?" மருந்துப் பொட்டலத்தை அதன் இடத்தில் வைத்தார். "வாங்கம்மான்னு ஒரு சொல்லு சொல்லிருந்தான்னா ஏறிருப்பேன் புள்ள."

அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறிப்போன இரண்டு கோப்பைத் தேத்தண்ணியை வெளியே ஊற்றிவிட்டு, கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

இப்போதைய நிலைமை இது. நாய் அத்தையிடம் இருக்கிறது. காதுப் புண் ஆறிவிட்டது, அந்தக் காது கேட்பதாகத் தெரியவில்லை. மிச்ச ஊசிகளுக்கு நான் லீவு போட்டு, வேறு ஒரு ஆட்டோக்காரரைப் பேசிக் கூட்டிப் போனேன். அத்தைக்கு இப்போது பீலியடி வரை நடப்பதே கஷ்டம், ஆகவே நாயைக் குளிப்பாட்டுவதும் என் வேலையாகிவிட்டது. அத்தான் போனில் பேசுகிறார், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார், சாப்பிட்டேன் என்று அத்தை சொல்கிறார். கொழும்பைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அத்தைக்கு ஏதாவது ஆனால் நாய் எங்கள் காம்பராவுக்கு வரும். அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அம்மாவும் சரி என்றுவிட்டார்.